வெளிப்பக்கம் வைத்த கண்ணாடி

எங்கள் வீட்டில் ஒரு ஜன்னலுக்கு மட்டும்தான் கண்ணாடி உண்டு. மற்றதெல்லாம் பலகைக் கதவு. அந்தக் கண்ணாடி ஜன்னலை இடையஞ்சாவடிப் பக்கம் ரோட்டோரத்துக் கொட்டகை ஒன்றில் வாங்கினேன். இடித்த பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், தூண்களை அங்கே சாத்தி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து தடவிப் பார்த்து எடுத்துப் போவார்கள். அவர்கள் ஒதுக்கிவிட்டுப் போனதில் ஒன்று எனக்குக் கிடைத்தது. இரண்டு கதவு, கதவுக்கு மூன்று கண்ணாடி, எல்லாம் பூப்போட்ட கண்ணாடி. மரம் நல்ல தேக்கு. கொக்கிகள் மட்டும் புதிதாக நான் அடித்தவை.

கொக்கியில்தான் ஆரம்பித்தது எல்லாம். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இரும்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆணி, கீல், தாழ்ப்பாள், சைக்கிள் செயின், எதுவும் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. காற்றிலேயே உப்பு இருக்கிறது. தரையைத் துடைத்தால் துணி காய்ந்த பிறகு வெள்ளை பூத்திருக்கும்.

சுனாமி அலை வந்த மறு வருஷம் அது. எங்கள் தெரு ரோட்டுக்கு மேற்கே இருந்ததால் வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்பளப் பாத்திகளில்தான் மணல் ஏறிப்போனது. கடலோரக் குப்பங்களுக்கு உதவி செய்ய வந்தவர்கள் தையல் கிளாஸ் நடத்தினார்கள். எங்கள் தெருப் பெண்களும் வரலாம் என்றார்கள். என் மனைவி போனாள். அதற்கு முன்னால் அவள் உப்பு வாரினாள், தலையில் கூடை சுமந்தாள். காலில் உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது. கிளாஸ் முடிந்து வந்ததும் ஒரு பழைய மிஷின் வாங்கி அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குக் கீழே போட்டோம்.

மிஷின் வந்தது, துணி வரவில்லை. தலையணை உறை வரும். பாவாடைக்கு ஓரம் அடிக்க வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிழிந்த டவுசர் வரும். ஜாக்கெட் வராது. ஜாக்கெட் தைக்க எல்லாப் பெண்களும் மரக்காணம் கடைத்தெருவில் இருக்கிற டைலரிடம்தான் போவார்கள். ஒரு தடவை கை சரியாக விழுந்துவிட்டால் சாகும்வரைக்கும் அதே டைலர்தான். இது எனக்கு என் மனைவி சொல்லித் தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். உள்ளூர்க்காரர் இல்லை, மேற்கே நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற ஊர். மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை செய்கிறவர். லீவு மாறிப்போய் முகூர்த்தத்தை முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். கடைத்தெரு டைலர் தீபாவளித் துணியில் மூழ்கியிருந்தார்.

"மொத்தமா தைக்க முடியாதுன்னு சொல்லிட்டான்மா" என்றார் அந்த அம்மா. "முகூர்த்த ஜாக்கெட்டு ஒண்ணத்தான் கடைசியா வேணும்னா பாக்கறேன்றான். மத்ததெல்லாம் நீ தை. நல்லா இல்லன்னா என் பொண்ணு என்னைய வூட்ட விட்டுத் துரத்திடுவா."

"நல்லா தைக்கிறேங்க. முகூர்த்த ஜாக்கெட்டையும் குடுங்களேன், சேத்தே தைச்சுடறேன்."

"முதல்ல இத்த தை. பாக்கலாம்."

அவர் போன பிறகு என் மனைவி அந்தப் பட்டுத் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். பதிலுக்கு வேறொன்று சொன்னாள்.

"முகூர்த்த ஜாக்கெட்டு என் கைக்கு வரணுங்க. அது வந்துட்டா அந்த ஊரே இங்க வரும். வரலன்னா நான் தலகாணி உறைதான்."

அவள் உப்பளத்துக்குத் திரும்பிப் போக விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை அவள் வாயால் சொன்னதில்லை. தை மாதம் பாத்தி மிதிக்க ஆள் கூப்பிடுவார்கள். அதற்குள் துணி வந்தாக வேண்டும்.

துணியை வெட்டிய இரண்டாம் நாள் கொக்கி அறுந்தது. மழைக்கு முன்னால் வடக்கே இருந்து ஒரு காற்று வந்தது. திறந்திருந்த ஜன்னல் கதவு சட்டத்தில் அடித்த சத்தம் கேட்டு நான் கொல்லையிலிருந்து ஓடி வந்தேன். வலப்பக்கக் கதவில் நடுக் கண்ணாடி மூலைக்கு மூலை விரிந்திருந்தது. கொக்கி பாதி சட்டத்திலும் பாதி தரையிலும் கிடந்தது. உள்ளே வெறும் துருதான்.

விரிசலைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றுதான் நினைத்தேன். பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். மறுநாள் காலையில் காகிதத்தோடு ஒரு முக்கோணத் துண்டு கீழே விழுந்தது. மிச்சத்தையும் கோணியைக் கையில் சுற்றிக்கொண்டு நானே பிடுங்கி எடுத்தேன். கண்ணாடி உட்காருகிற மரக் காடியில் பழைய லப்பம் கல்லாக இறுகியிருந்தது. உளியால் தட்டித் தட்டிச் சுரண்டினேன். லப்பம் என்றால் சுண்ணாம்புத் தூளையும் எண்ணெயையும் பிசைந்த பசை. கண்ணாடி ஆடாமல் இருக்க மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அப்புவது.

அட்டை வைத்து அடைத்தேன். மழை வந்தால் அட்டை ஊறிவிடும். பாலித்தீன் பையை ஆணி அடித்து மாட்டினேன். அது காற்றில் படபடவென்று அடித்து மிஷின் சத்தத்தையே முழுங்கியது. கடைசியில் பலகைத் துண்டு ஒன்றை வைத்தேன். அது நன்றாக நின்றது. ஆனால் மிஷின் இருட்டிப்போனது.

அந்த மழையில் கரண்டு இருந்த நேரம் குறைவு. கம்பி ஆடினாலே நிறுத்திவிடுவார்கள். ஊசியில் நூல் கோக்கக்கூட அவள் வாசலுக்கு எழுந்து போய் வந்தாள். அன்று தைத்த ஒரு கையைச் சாயங்காலம் வாசலில் வைத்துப் பார்த்தாள். தையல் கோணலாக ஓடியிருந்தது. உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். பலகையை எடுத்துவிட்டுத் தைக்கலாம் என்றால் சாரல் பட்டில் விழும். எங்கள் ஊர்ச் சாரல் பட்டில் விழுந்தால் காய்ந்த இடம் வட்டமாகத் தெரியும்.

"கண்ணாடி போட்டுடலாங்க" என்றாள்.

"நாளைக்குப் போறேன்."

"நாளைக்கு இல்ல. இப்பவே. மழ விட்டிருக்குது."

நான் தயங்கினேன். கண்ணாடிக் கடை எனக்குப் பழக்கம் இல்லை. பழக்கம் இல்லாத கடையில் போய் நின்று ஒன்றைக் கேட்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விட்டு மறுபடி வருவேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன் என்பதால் இல்லை, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அவள் இன்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து ஜன்னல் காடியில் வைத்து அளந்தாள். அவளிடம் டேப் இருக்கும்போது நான் கயிறு தேட வேண்டியதில்லை. குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை. ரவிக்கைக்கு அளவு எடுக்கிற மாதிரியே உதட்டுக்குள் எதையோ கூட்டிக்கொண்டு, "பத்தரைக்குப் பதிமூணரை" என்றாள்.

சைக்கிளில் போகும்போது அதையே சொல்லிக்கொண்டு போனேன். பத்தரைக்குப் பதிமூணரை. வழியில் யாராவது பேசினால் மறந்துவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டே போனேன்.

கண்ணாடிக் கடை என்றால் அங்கே படம் பிரேம் போடுவதுதான் பெரிய வேலை. சுவர் முழுக்க சாமி படம். ஒரு மூலையில் பிரேம் போட்டு முடித்த போட்டோக்கள் அடுக்கியிருந்தன. மாலை போட இரண்டு பக்கமும் கொக்கி வைத்த போட்டோக்கள். அந்த வருஷம் அப்படிப்பட்டவை அதிகம். குழந்தைகள் படமும் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

"இன்னாப்பா வேணும்?" என்றார் கடைக்காரர்.

"கண்ணாடி."

"கண்ணாடிக் கடையில கண்ணாடிதான் இருக்கும், கத்திரிக்காயா இருக்கும்? எதுக்கு? படத்துக்கா, பீரோவுக்கா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர், "மூஞ்சி பாக்கவா இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

"ஜன்னலுக்கு" என்றேன். அளவைச் சொன்னேன்.

"பூக் கண்ணாடியா, பிளைனா?"

"பூ."

"பூ இல்ல. பாண்டிலேருந்து வரணும். இந்த மழயில லாரியில கண்ணாடி ஏத்த மாட்றான். பிளைன்தான் இருக்குது."

சரி என்றேன்.

"ஒட்டா எடுத்த அளவாப்பா? மழைக்கு மரம் ஊதியிருக்கும். ஒரு நூல் கம்மி பண்ணி வெட்டிடட்டா?"

எனக்குத் தெரியவில்லை. ஒட்டா, கம்மியா என்று வீட்டில் கேட்டு வரவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைலர் எடுத்த அளவுங்க" என்றேன்.

"டைலரா? அப்ப சரியாத்தான் இருக்கும். நாம கை வைக்க வேணாம்."

மேஜையில் கோணி விரித்து அதன்மேல் கண்ணாடியைப் போட்டார். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஸ்கேல் ஓரமாக ஒரே இழுப்பு இழுத்தார். கிர்ரென்று ஒரு சத்தம். கோட்டுக்கு அடியில் மெல்லத் தட்டினார். இரண்டு கையாலும் பிடித்து மேஜை விளிம்பில் வைத்து அழுத்தியதும் அப்பளம் மாதிரி உடைந்து நேராக வந்தது. அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன். பாலித்தீன் பையில் ஒரு உருண்டை லப்பமும் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றி, கோணிக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு கையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தேன். வழியில் ஒருவர், "சாமி படமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் நின்று விளக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து பலகையை எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் காடியில் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். உட்காரவில்லை. நெடுக்கைக் குறுக்காக வைத்தும் பார்த்தேன், அது ஆகிற காரியமா. நான்கு பக்கமும் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"தப்பா வெட்டிட்டாரா?" என்றாள்.

டேப்பை வைத்துக் கண்ணாடியை அளந்தாள். பத்தரைக்குப் பதிமூணரை. சரியாக இருந்தது. காடியை அளந்தாள். ஒன்பதரைக்குப் பன்னிரண்டரை. மறுபடி அளந்தாள். பிறகு டேப்பைப் பிடித்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, தையலுக்கு விட்டுட்டேங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. துணி அளந்தால் ஒவ்வொரு பக்கமும் மடித்துத் தைக்க அரை இன்ச்சு சேர்த்துச் சொல்லவேண்டும் என்று கிளாசில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விடாமல் வெட்டியவர்களை டீச்சர் எழுப்பி நிற்க வைத்தாராம். அவள் ஜன்னலுக்கும் விட்டிருக்கிறாள்.

"கண்ணாடிய மடிச்சு தைக்கப் போறியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பட்டுத் துணிப் பையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அந்த அம்மா இன்னும் நான்கு நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போட்டுப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"திருப்பிக் கொண்டு போய் வெட்டிக்கினு வாங்க."

போயிருப்பேன். பெஞ்சுக்காரர் என்ன சொல்வார் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே சைக்கிளை எடுக்கவும் செய்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்று முழுக்க விடவில்லை. மறுநாள் காலையில் கழுவெளி ஏரி நிரம்பி, ரோட்டில் தாழ்ந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் ஓடுகிறது, பஸ் வரவில்லை என்றார்கள். கண்ணாடியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடக்க எனக்குத் தைரியம் இல்லை.

"மரத்தச் சீவி எடத்தப் பெருசு பண்ணுங்களேன்" என்றாள்.

உளியை வைத்து இரண்டு தட்டு தட்டினேன். தேக்கு அசையவில்லை. மேலேயும் கீழேயும் இருந்த கண்ணாடிகள் நடுங்கின. அதையும் உடைத்துவிட்டால் முழு ஜன்னலும் பலகைதான் என்று உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மழைக்காலத்தில் உப்பளத்தில் எனக்கு ஒரு வேலை உண்டு. குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின்மேல் போட்ட கீற்று பறந்திருக்கிறதா, மடையில் தண்ணீர் ஏறுகிறதா என்று காலையில் ஒரு நடை போய்ப் பார்த்து வரவேண்டும். அன்றும் போனேன். பாத்தி எது, வரப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளமாகக் கிடந்தது. மடைப்பலகையை மட்டும் தொட்டுப் பார்த்தேன். கசிவு இல்லை. நான் வைத்த பலகைதான் அது.

மடைப்பலகையை யாரும் ஓட்டைக்குள் திணிப்பதில்லை. ஓட்டையைவிடப் பெரிய பலகையாக எடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் களிமண் அப்பிவிடுவோம். தண்ணீர் ஏற ஏறப் பலகையை அதுவே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆணியே தேவையில்லை. இருபது வருஷமாகச் செய்கிற வேலை. மடை மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஜன்னலுக்குத் தண்ணீர் வருகிற பக்கம் எது என்று தோன்றியது. தெருப் பக்கம். காற்றும் அந்தப் பக்கம்தான்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

"வெளியிலயா? கீழ விழுந்துடாதா?"

"காத்து அழுத்தும்."

"காத்து இல்லாதப்ப?"

அதற்கு ஆணி. கண்ணாடி விளிம்பை ஒட்டி மரத்தில் பக்கத்துக்கு இரண்டு சின்ன ஆணி அடித்து, தலையை லேசாகக் கண்ணாடிப் பக்கம் வளைத்துவிடுவது. இரும்பு நேராகக் கண்ணாடியைத் தொட்டால் விரிசல் விடும். அதனால் பழைய சைக்கிள் டியூபை நறுக்கி ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் ஒரு துண்டு. துருப்பிடிக்காமல் இருக்க ஆணிகளை மிஷின் எண்ணெயில் ஊறப் போட்டேன்.

மழை தூறலாகக் குறைந்த நேரத்தில் வேலையை ஆரம்பித்தோம். கதவுச் சட்டத்தின் வெளிமுகத்தைத் துணியால் துடைத்துத் துடைத்து ஈரம் எடுத்தேன். லப்பத்தை விரலால் உருட்டித் திரி மாதிரி சுற்றிலும் ஒட்டினேன். அவள் உள்ளேயிருந்து ஜன்னல் கம்பிக்கு நடுவில் கையை விட்டுக் கண்ணாடியை உள்ளங்கையால் தாங்க வேண்டும், நான் வெளியிலிருந்து அழுத்த வேண்டும். தெருவில் நின்றபடி செய்கிற வேலை என்பதுதான் எனக்குப் பெரிய இம்சை. நினைத்த மாதிரியே பக்கத்து வீட்டுக்காரன் குடையோடு வந்துவிட்டான். என்னோடு உப்பளத்தில் வேலை செய்கிறவன். வாய் சும்மா இருக்காது.

"ஏம்பா, கண்ணாடிக்கு வெளியில இன்னா வேல? சட்டைய உள்பக்கம் வெளிய தெரியப் போட்ட மாதிரி இருக்குது."

என் வாயில் ஆணி இருந்தது.

"உள்ள எடம் இல்லியா?" என்று ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"கொஞ்சம் பெருசாயிட்டுதுண்ணா" என்றாள் அவள்.

"அளவு எடுக்கத் தெரியாதவன அனுப்பினா இப்படித்தான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தைக்கிறவள் அளவு தப்பாக எடுத்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு வந்தால் அது அந்த அம்மா காதுவரைக்கும் போகும்.

"சும்மா நிக்கிறதுக்கு அந்தக் குடைய இப்படிப் புடிப்பா" என்றேன், ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு.

பிடித்தான். கேலி பேசினாலும் கையை ஆட்டாமல் பிடித்தான். சுத்தியலால் அடிக்கப் பயமாக இருந்ததால் உளியின் பட்டைப் பக்கத்தால், கண்ணாடியில் படாமல் மெல்லத் தட்டித் தட்டி ஆணியை இறக்கினேன். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் கை உள்ளேயிருந்து கண்ணாடியில் அழுந்தி வெளுத்தது. நடுவில் ஒரு தடவை, "அடிச்சுட்டீங்களா?" என்றாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் போல.

கடைசி ஆணியை வளைத்ததும் கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். கண்ணாடி நின்றது. பிதுங்கிய லப்பத்தைத் தகரத் துண்டால் வழித்தேன். பக்கத்து வீட்டுக்காரன் குடையை மடக்கிவிட்டுக் கண்ணாடியைச் சுண்டிப் பார்க்கக் கையை நீட்டினான். தட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி முழுக்க வடக்குக் காற்று. காலையில் உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஒன்றை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மற்ற ஐந்தும் பூக் கண்ணாடி, இது ஒன்று பிளைன். பூக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் கலங்கி வரும். இதன் வழியாக நேராக வந்தது. வானம் கறுத்துக் கிடக்கிற நாளிலும் மிஷின் பலகையில் சதுரமாக ஒரு வெளிச்சம் விழுந்தது. அவள் மிஷினைக் கொஞ்சம் இழுத்து, ஊசி அந்தச் சதுரத்துக்குள் வருகிற மாதிரி போட்டுக்கொண்டாள். பிரித்த கையை மறுபடி வைத்துத் தைத்தாள். நான் அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டேன். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. மிஷின் சத்தம் நின்றால் நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம், சத்தம் தொடர்ந்தால் எல்லாம் சரி.

சொன்ன நாளில் அந்த அம்மாவும் மகளும் ஆட்டோவில் வந்தார்கள். ரோட்டில் தண்ணீர் வடிந்திருந்தது, மழை மட்டும் விட்டுவிட்டுத் தூறியது. கரண்டு இல்லை. கல்யாணப் பெண் படித்த பெண். வந்ததும் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துக் கழுத்தைப் பார்த்தாள், தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் எதுவும் காட்டவில்லை. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள் என்று தெரிந்தது. நான் கொல்லைப் பக்கம் நகர்ந்தேன். கதவைச் சாத்தினார்கள்.

உடனே பெண்ணின் குரல் கேட்டது.

"அக்கா, அந்தக் கண்ணாடியில தெரு தெரியுது."

"யாரும் வர மாட்டாங்கம்மா. மழ பேயுது."

"தெரு தெரிஞ்சா, தெருவுக்கு நான் தெரிவேன்ல?"

"சேலைய மாட்டி மறைச்சிடட்டுமா?"

"மறைச்சா இருட்டாயிடும். அப்புறம் நான் எப்பிடிப் பாக்குறது? ஆம்பளைங்க யாராவது அந்தப் பக்கம் போனா?"

பிறகு என் மனைவி கொல்லைக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"ஏங்க, ஜன்னல்கிட்ட போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"முதுகக் காட்டிக்கினு நில்லுங்க. மேல வெளிச்சம் வரணும், ரொம்ப ஒட்டி நிக்காதீங்க. யாரும் எட்டிப் பாக்காம பாத்துக்குங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

குடையை எடுத்துக்கொண்டு சுற்றிப் போய்த் தெருவில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். கூச்சப்படுகிற ஆள் தெருவில் ஒரு இடத்தில் காரணமில்லாமல் நிற்பது எவ்வளவு சிரமம் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னைப் பார்த்தது.

பக்கத்து வீட்டுக்காரன் டீ குடிக்கக் கிளம்பியவன் நின்றான்.

"இன்னாப்பா, கண்ணாடி விழாம முட்டுக் குடுக்கறியா?"

"போப்பா."

"ஆணி புடிக்கலியா? நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீ போப்பா அந்தாண்ட." எனக்கே என் சத்தம் பெரிதாகத் தெரிந்தது. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

முதுகுக்குப் பின்னால் பேச்சு தெளிவாகக் கேட்டது. கேட்கக் கூடாது என்று நினைத்தேன். காதை என்ன செய்வது.

"கைய தூக்கு பாக்கலாம்" என்றார் அந்த அம்மா.

"தூக்கறேன்."

"இழுக்குதா?"

நான் குடையை இறுக்கிப் பிடித்தேன். துணி உரசுகிற சத்தம். வளையல் சத்தம். என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நூல் அறுந்தால்கூட அப்படித்தான் நிற்பாள்.

"அம்மா, முதுகுல பாரேன். சுருக்கம் இருக்குதா?"

"இல்லடி."

"கடைத்தெரு டைலர்கிட்ட குடுத்தப்ப இந்த எடத்துல எப்பவும் தூக்கிக்கினு நிக்கும்." மறுபடி துணி உரசுகிற சத்தம். "அந்தப் பச்சைய குடுங்கக்கா, அதையும் போட்டுப் பாக்கறேன்."

பச்சையையும் போட்டாள். அதற்கு அடுத்ததையும் போட்டாள். மழை கொஞ்சம் வலுத்தது. குடையில் விழுந்த சத்தத்தில் நடுவில் சில வார்த்தைகள் எனக்குக் கேட்கவில்லை. மழை அடங்கியபோது பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"முகூர்த்தத் துணிய எங்க வச்ச? பையிலயா?"

"அத்த ஏன்டி இங்க எடுக்கற? அத்தத்தான் கடைத்தெருவுல குடுக்கலாம்னு..."

"அவரு தீபாவளி முடிஞ்சுதான் தொடுவாரு. அவருகிட்ட போய் நிக்க முடியாது என்னால. இவங்களே தைக்கட்டும். அக்கா, உங்களுக்கு முடியுமா? எனக்கு ஜரிகை பார்டர் கைல சரியா வரணும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி."

என் மனைவி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் சொல்லியிருப்பாள். அந்த அம்மா மட்டும், "பட்டும்மா, பாத்து வெட்டு, மறு துணி கெடையாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் அசையாமல் நின்றேன். எதிர்வீட்டு ஆடு போய்விட்டிருந்தது. தெருவில் யாரும் இல்லை. யாராவது வந்து, ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்லலாம் போல இருந்தது. யாரும் வரவில்லை.

ஆட்டோ கிளம்பிப் போன சத்தம் கேட்டும் நான் நகரவில்லை. போகலாமா கூடாதா என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் கண்ணாடியில் விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். டேப் கழுத்தில் கிடந்தது. மடியில் அரக்குச் சிவப்பில் ஜரிகை போட்ட துணி. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "வெளிச்சம் வரல."